ஐந்து கோல் ஸ்ட்ரைக்கர்: ஷின்ஜி ஒகசாகியை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான்: 2015-16-ல் லெஸ்டர் சிட்டி கிளப் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது ஷின்ஜி ஒகசாகி 36 ஆட்டங்களில் ஆடி 5 கோல்தான் அடித்தார். அப்படியிருக்க, ஜப்பானின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர் என்று அவரை ஏன் சொல்கிறார்கள்? மூச்சிரைக்க ஓடியதற்கான மரியாதையா, இல்லை உண்மையிலேயே கோல் அடிக்கத் தெரிந்தவரா?

அடிக்கத் தெரிந்தவர்தான். அந்த ஐந்து கோலை மட்டும் வைத்துப் பார்த்தால் அவரைத் தப்பாகத்தான் புரிந்துகொள்வோம். ஜப்பான் அணிக்காக 119 ஆட்டங்களில் 50 கோல் அடித்திருக்கிறார். அந்நாட்டு ஆண்கள் அணி வரலாற்றில் அவருக்கு மேலே இரண்டே பேர்: குனிஷிகே காமமோட்டோ, கசுயோஷி மியூரா. ஆனால் கிளப் கால்பந்தில் அவருடைய கோல் கணக்கு ஒரு வருடம் ஏறும், மறு வருடம் படுத்துவிடும். காரணம் அவருடைய ஃபார்ம் மட்டுமில்லை. அவரை மைதானத்தில் எங்கே நிறுத்தினார்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையைத் தீர்மானித்தது. என் பார்வையில் ஒகசாகி பிறவியிலேயே பெனால்டி பாக்ஸ் ஸ்ட்ரைக்கர், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் நின்று அடிப்பவர். அவருடைய கால்கள் வேறு வேலைக்கும் உதவும் என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் கண்டுபிடித்ததுதான் அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும்.

முதலில் ஆளைப் பற்றி. 1986 ஏப்ரல் 16-ல் ஹ்யோகோ மாநிலத்தின் தகரசுகாவில் பிறந்தவர். கோபே நகரின் தகிகவா தைனி உயர்நிலைப் பள்ளியில் ஆடினார். ஜப்பானில் பள்ளிக் கால்பந்து என்பது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும் பெரிய விவகாரம். அங்கே பெயர் எடுத்தவர்களை, அந்நாட்டுத் தொழில்முறை லீக்கான ஜே லீக்கின் கிளப்புகள் கொத்திக்கொண்டு போகும். ஒகசாகி 2005-ல் ஷிமிசு எஸ்-பல்ஸ் கிளப்பில் சேர்ந்தார். ஆனால் யாரும் அவரை ஒரு மேதையாகக் கொண்டாடி அழைத்துப் போகவில்லை. அந்தக் கிளப்பின் முன்கள வீரர்கள் வரிசையில் கடைசி ஆளாகத்தான் உள்ளே போனார். உயரம் 174 சென்டிமீட்டர். பந்தை ஏந்தி நிறுத்துவதில் பெரிய நளினம் கிடையாது. வேகமும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டதுதான். 2014-ல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் தலைப்பிலேயே தன் மந்தமான கால்களுக்கு வாழ்க போட்டிருக்கிறார்.

அந்தக் குறையை அவர் விட்டுவைக்கவில்லை. ஷிமிசுவில் உடற்பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர் ஒலிம்பிக்கில் ஓடிய முன்னாள் தடகள வீரர். அவரிடம் கால் வைக்கும் முறையையே புதிதாகக் கற்றுக்கொண்டார். நூறு மீட்டர் ஓட்டக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் முதல் மூன்று நான்கு அடியில் டிஃபெண்டரை முந்தும் அளவுக்குத் தேறிவிட்டார். பெனால்டி பாக்ஸுக்குள் தேவைப்படுவது அந்த நான்கு அடிதான். இன்னொன்று, சிறு வயதிலிருந்தே அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பழக்கம்: தாழ்வாக வரும் பந்தைக் காலால் எட்ட முடியாவிட்டால், தலையைக் கொடுத்துப் பாய்ந்துவிடுவார். மற்றவர்கள் காலை நீட்டத் தயங்கும் இடத்தில் இவர் முகத்தை நீட்டுவார். ஆயுள் முழுக்க டைவிங் ஹெட்டர் என்பதுதான் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கொள்கை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. கெய்சுகே ஹோண்டா, யூடோ நகடோமோ, ஒகசாகி மூவருமே அந்த அணியில் இருந்தார்கள். அந்தத் தலைமுறையைப் பற்றி அன்று ஜப்பானில் நல்லதாக எழுதியவர்கள் குறைவு. அதே ஆண்டு அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக ஒகசாகி தேசிய அணிக்கு முதல்முறையாக ஆடினார்.

அடுத்து வந்தது 2009. அந்த ஒரு வருடத்தில் ஜப்பானுக்காக 15 கோல். சர்வதேச ஆட்டங்களில் அந்த ஆண்டின் அதிக கோல் அடித்தவர் என்று ஐ.எஃப்.எஃப்.எச்.எஸ். என்ற கால்பந்துப் புள்ளிவிவர அமைப்பு அவரை அறிவித்தது. அக்டோபரில் ஹாங்காங்குக்கு எதிராக ஒரு ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்), ஆறு நாள் கழித்து டோகோவுக்கு எதிராக இன்னொன்று. "ஹாங்காங்தானே" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. அவர்களுக்காக: அதே ஆண்டில் சிலிக்கு எதிராக இரண்டு, பின்லாந்துக்கு எதிராக இரண்டு, கானாவுக்கு எதிராக ஒன்று அடித்திருக்கிறார்.

ஆனால் அந்த வருடத்தின் முக்கியமான கோல் ஜூன் 6-ல் தாஷ்கண்டில் வந்தது. உஸ்பெகிஸ்தானை வென்றால் 2010 உலகக் கோப்பைக்குத் தகுதி என்ற நிலை. 9-ஆவது நிமிடத்தில் கெங்கோ நகமுரா டிஃபெண்டர்களுக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். ஒகசாகி இடது காலால் உதைத்தார், கோல்கீப்பர் தடுத்தார். தடுத்த பந்து எழும்பி வர, அதற்குள் எழுந்து தலையால் உள்ளே தள்ளிவிட்டார். ஜப்பான் 1-0 என்று வென்று, போட்டியை நடத்திய தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்து உலகிலேயே முதலாவதாக இடத்தை உறுதி செய்தது. இந்தக் கோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கழித்து லண்டனில் இதே கோலை மறுபடி அடிப்பார்.

இத்தனைக்கும் பிறகு, 2010 உலகக் கோப்பை தொடங்கும்போது அவர் பெஞ்சில் இருந்தார். பயிற்சி ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றதும், பயிற்சியாளர் தகேஷி ஒகாடா ஆட்ட முறையையே மாற்றி, ஹோண்டாவை நடு முன்களத்தில் நிறுத்தினார். அது பலித்தது; அதனால் யாரும் ஒகசாகிக்காக வருத்தப்படவில்லை. குழுச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், டென்மார்க்குக்கு எதிராக, மாற்று வீரராக இறங்கினார். 87-ஆவது நிமிடத்தில் ஹோண்டா பாக்ஸுக்குள் ஒரு டிஃபெண்டரைத் திருப்பிவிட்டு, தானே அடித்திருக்கக்கூடிய பந்தை இவருக்குத் தட்டினார். காலியான வலை. 3-1. எளிதான கோல்தான். ஆனால் அந்த இடத்துக்கு ஓடிப்போயிருக்கவேண்டுமே.

2011 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. இத்தாலியரான ஆல்பர்ட்டோ சக்கரோனி அப்போது பயிற்சியாளர். அவர் ஒகசாகியை வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில், போட்டார். சவூதி அரேபியாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் இவருக்கு ஹாட்ரிக். தென் கொரியாவுடனான அரையிறுதியில், கூடுதல் நேரத்தில் பாக்ஸுக்குள் பாய்ந்து பெனால்டி வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். கடைசியில் ஜப்பான் கோப்பையைத் தூக்கியது. விங்கில் நின்றும் இவர் கோல் அடிக்க ஒரு காரணம் இருந்தது. நடுவில் ஹோண்டாவும் இடதுபுறம் ஷின்ஜி ககாவாவும் பந்தை வைத்துக்கொண்டு விளையாடும்போது எதிரணிப் பார்வை முழுவதும் அந்தப் பக்கமே சாயும். வலதுபுறம் நிற்கும் இவர் கோட்டோரம் நிற்காமல், டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து குறுக்காக உள்ளே வெட்டுவார். பெயருக்குத்தான் விங்கர்.

ஸ்டுட்கார்ட்டில் அந்த வசதி இல்லை. ஆசியக் கோப்பை முடிந்த கையோடு ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவின் ஸ்டுட்கார்ட் கிளப்புக்குப் போனார். அங்கேயும் விங்தான், ஆனால் உள்ளே வெட்ட இடம் கொடுக்காத விங். பக்கவாட்டில் ஏறி இறங்கி, பின்னால் ஓடி அந்த ஓரத்து டிஃபெண்டருக்கு உதவி, பிறகு மறுபடி மேலே. இரண்டரை வருடத்தில் 63 லீக் ஆட்டம், 10 கோல். கடைசி சீசனில் ஒன்றே ஒன்று. 27 வயதில், ஐரோப்பாவில் இவருக்குக் காலம் முடிந்தது என்று முடிவுகட்டியவர்கள் நிறைய.

2013 கோடையில் மைன்ஸ் கிளப் அவரைக் கொஞ்சம் பணத்துக்கு வாங்கியது. அங்கே பயிற்சியாளர் தாமஸ் டூஹெல், பிற்காலத்தில் செல்சிக்கு சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்த அதே ஆள். அவர் செய்தது பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. இவர் ஸ்ட்ரைக்கர், ஆகவே ஸ்ட்ரைக்கராக நிற்கட்டும் என்றார். முதல் லீக் ஆட்டமே பழைய ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக, அதிலேயே கோல். சீசன் முடியும்போது 15 கோல். மைன்ஸ் ஏழாவது இடம் பிடித்தது. அடுத்த சீசனில் டூஹெல் போய்விட்டார், பயிற்சியாளர் இருமுறை மாறினார், ஆனாலும் 12 கோல். புண்டஸ்லிகாவில் ஒரு ஜப்பானியர் அடித்த அதிக கோல் என்று யசுஹிகோ ஒகுதேரா 26 கோல்களோடு பல்லாண்டுகளாக வைத்திருந்த சாதனையைத் தாண்டி, 37-ல் முடித்தார். அந்த 37-ல் 27 மைன்ஸின் இரண்டே சீசன்களில் வந்தவை. அதே லீக், அதே ஆள், நிற்கும் இடம் மட்டும் வேறு. "ஒகசாகிக்கு கோல் வராது" என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த ஒரு கணக்கைத்தான்.

இந்த இடைவெளியில் தேசிய அணிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. கண்டங்களின் சாம்பியன் அணிகள் மோதிய 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, பிரேசிலின் ரெசிஃபே, இத்தாலிக்கு எதிராக. இத்தாலி டிஃபெண்டர் தன் கோல்கீப்பர் பஃபோனுக்குத் தட்டிய பந்து சற்றே மெதுவாகப் போனது. பத்தில் ஒன்பது ஸ்ட்ரைக்கர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒகசாகி ஓடினார். பந்தை முந்தித் தொட்டார், பஃபோன் அவரை வீழ்த்தினார், பெனால்டி. ஹோண்டா அடித்து கோலாக்கினார். பிறகு 2-3 என்று பின்தங்கியபோது தலையால் முட்டிச் சமன் செய்தவரும் இவரே. ஆட்டத்தை ஜப்பான் 3-4 என்று தோற்றது. இருந்தாலும் அவருடைய முழு ஆட்டத்தையும் ஒரே மாலையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது அந்த ஆட்டம்தான்.

இப்போது லெஸ்டர். கேள்வி கேட்டவருக்கு உறுத்துவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2015 ஜூன் கடைசியில் சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியவர் அப்போதைய மேலாளர் நைஜல் பியர்சன். ஒப்பந்தம் அறிவித்த சில நாட்களிலேயே பியர்சனை நீக்கிவிட்டார்கள். ஜூலையில் கிளாடியோ ரனியேரி வந்தார். தன்னைத் தேர்ந்தெடுத்த ஆளே இல்லாத கிளப்பில் சேர்ந்த புது வீரர் முதல் ஆட்டத்திலிருந்தே பதினொருவரில் இடம் பிடித்தார் என்பதே சின்ன விஷயமில்லை. இரண்டாவது ஆட்டம் லண்டனில், வெஸ்ட் ஹாமுக்கு எதிராக. இவர் உதைத்த பந்தைக் கோல்கீப்பர் தடுத்தார். எழும்பிய பந்தைத் தலையால் தூக்கி உள்ளே போட்டார். தாஷ்கண்ட் கோல், மறுபதிப்பு.

அந்த அணியின் வரைபடம் பழைய 4-4-2: நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு முன்கள வீரர். முன்னால் ஜேமி வார்டி, கூட ஒகசாகி. தாளில் இரண்டு ஸ்ட்ரைக்கர். பந்து எதிரணியிடம் போன மறுநிமிடம் ஒகசாகி பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் இறங்கி, எதிரணியின் தாழ்ந்து நிற்கும் மிட்ஃபீல்டரை மூடிவிடுவார். பெரிய அணிகள் எல்லாம் ஆட்டத்தை அந்த மிட்ஃபீல்டர் வழியாகத்தான் தொடங்கும். அந்த வழி அடைபட்டால் டிஃபெண்டர் பந்தைப் பக்கவாட்டில் தள்ளவேண்டும், அல்லது அவசரப்பட்டு நடுவில் நீளமாக அனுப்பவேண்டும். பக்கவாட்டில் போனால் விங்கர் ஆல்பிரைட்டன் காத்திருப்பார். நடுவில் போனால் மிட்ஃபீல்டர் கான்டே. அந்த சீசனில் என்கோலோ கான்டே எங்கிருந்துதான் முளைக்கிறார் என்று உலகமே வியந்தது. அவர் மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் பந்து அவர் நிற்கும் திசைக்கு வரும்படி முன்னாலிருந்து ஓட்டிவிட்ட ஆள் ஒருவர் இருந்தார்.

இன்னொரு லாபம் வார்டிக்கு. ஒகசாகி இரண்டு பேர் ஓட்டத்தையும் சேர்த்து ஓடியதால், வார்டி பின்னால் இறங்கவேண்டியதில்லை. டிஃபெண்டர்களின் தோளோரம் நின்றுகொண்டே இருக்கலாம். கான்டே பறித்த பந்து இன்னொரு மிட்ஃபீல்டர் டிரிங்க்வாட்டரிடம் வரும், அவர் தலையைத் தூக்கினால் வார்டி ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பார். வார்டிக்கு 24 கோல், விங்கர் மாரெஸுக்கு 17, ஒகசாகிக்கு 5. கல்யாண வீட்டில் பந்தி முழுக்கப் பரிமாறியவரை எந்த இலையின் கணக்கிலும் எழுத மாட்டார்கள்.

பெரும்பாலான ஆட்டங்களில் 60, 70 நிமிடத்துக்குள் ரனியேரி அவரை வெளியே எடுத்துவிடுவார். அதற்குள் அவர் கால்களில் சக்தி தீர்ந்திருக்கும் என்பது ஒரு காரணம். முன்னிலையில் இருக்கும்போது உயரமான லியோனார்டோ உயோவா வந்தால் நீளப் பந்துகளைப் பிடித்து வைக்கலாம், கார்னர்களைத் தலையால் அப்புறப்படுத்தலாம் என்பது இன்னொன்று. ரனியேரி பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். எதிரணி களைத்து, இடைவெளிகள் திறந்து, கோல்கள் கொட்டும் கடைசி அரை மணி நேரத்தில் அவர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். கோல் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை விமர்சகர்கள் கணக்கில் எடுப்பதேயில்லை.

அந்த ஐந்தும்கூட வெறுமனே ஒப்புக்கு அடித்த கோல்கள் அல்ல. கிறிஸ்துமஸுக்கு முன் எவர்ட்டனை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்றபோது மூன்றாவது கோல் இவருடையது. எல்லாவற்றுக்கும் மேலாக 2016 மார்ச் 14, நியூகாசிலுக்கு எதிரான ஆட்டம். பட்டத்தின் வாசனை வந்துவிட்டது, வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் வயிற்றில் புளி கரைத்துக்கொண்டிருந்த நேரம். நியூகாசிலுக்கு ரஃபா பெனிட்டஸ் புதிதாகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டம் வேறு. 25-ஆவது நிமிடத்தில் ஆல்பிரைட்டன் உள்ளே அனுப்பிய பந்தை வார்டி தலையால் திருப்பிவிட, கோலுக்கு முதுகு காட்டி நின்ற ஒகசாகி அந்தரத்தில் மல்லாந்து பைசைக்கிள் கிக் அடித்தார். 1-0. ஆட்டத்தின் ஒரே கோல். லெஸ்டர் ஐந்து புள்ளி முன்னால் போனது. நளினம் இல்லாத ஆள் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஒரு நொடி அதற்கு விதிவிலக்கு.

மே 2-ஆம் தேதி செல்சியுடன் டாட்டன்ஹாம் 2-2 என்று சமன் செய்ததும் பட்டம் லெஸ்டருக்கு உறுதியானது. சீசன் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர்கள் விலை வைத்த அணி. 2016-க்கான ஆசியாவுக்கு வெளியே ஆடும் சிறந்த ஆசிய வீரர் விருதை ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒகசாகிக்குக் கொடுத்தது.

இவர் பங்களிப்பு எவ்வளவு என்று நிரூபிக்க யாராவது ஒரு சோதனை வைத்திருக்க வேண்டும் என்றால், அதை லெஸ்டர் கிளப்பே தெரியாமல் வைத்துவிட்டது. அடுத்த சீசனில் கான்டே செல்சிக்குப் போனார். இஸ்லாம் ஸ்லிமானி, அகமது மூசா என்று புது முன்கள வீரர்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். ஒகசாகி அடிக்கடி பெஞ்சுக்குப் போனார். அணி சரிந்து, கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும் ஆபத்துக்குப் பக்கத்தில் வந்தது. 2017 பிப்ரவரி 23-ல் ரனியேரியை நீக்கினார்கள். துணைப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று, நான்கு நாளில் லிவர்பூலை எதிர்கொண்டார். அவர் இறக்கிய அணி கிட்டத்தட்ட பட்டம் வென்ற அதே பதினொன்று. கான்டே இடத்தில் மட்டும் மிட்ஃபீல்டர் என்டிடி. வார்டிக்குப் பின்னால் மறுபடியும் ஒகசாகி. 3-1 என்று வென்றார்கள். அதோடு சேர்த்து லீக்கில் ஐந்து வெற்றி தொடர்ந்து வந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் செவியாவை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். பழைய முறைக்குத் திரும்பியதும், பழைய மேலாளர் போனதில் வந்த புது உற்சாகமும் சேர்ந்து வந்த விளைவு இது, எல்லாமே ஒகசாகியால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் திரும்ப வந்ததும் வார்டி மறுபடி கோல் அடிக்கத் தொடங்கியது கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

ஒகசாகி இதையெல்லாம் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாரா? இல்லை. அந்த உழைப்பாளிப் பட்டம் அவருக்கு உவப்பாக இல்லை என்பதைப் பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அணிக்காகச் செய்யவேண்டியதைச் செய்தேன், ஆனால் நான் கோல் அடிக்க வந்தவன் என்ற தொனி அவர் பேச்சில் எப்போதும் உண்டு. எனக்கு அவரிடம் பிடித்த குணமும் இதுதான். தியாகி என்று சொல்லி மாலை போட வருகிறவர்களிடம் மாலையை வாங்கிக்கொள்ளாத ஆள். 2017-18 தொடக்கத்தில் ஆர்சனலுக்கு எதிராக முதல் நாளே கோல், அடுத்த வாரம் பிரைட்டனுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே கோல் என்று தொடங்கி அந்த சீசனில் லீக்கில் 6 அடித்தார். பட்டம் வென்ற வருடத்தைவிட அதிகம். அதற்கடுத்த சீசனில் ஜேம்ஸ் மேடிசன் வந்தார், வார்டிக்குப் பின்னாலிருக்கும் இடம் பந்தோடு விளையாடுபவருக்குப் போனது. ஒகசாகி 21 லீக் ஆட்டங்களில், பெரும்பாலும் மாற்று வீரராக இறங்கி, ஒரு கோலும் இல்லாமல் 2019-ல் விடைபெற்றார். லெஸ்டரில் மொத்தம் 137 ஆட்டம், 19 கோல்.

33 வயது. ஜப்பானுக்குத் திரும்பி நல்ல சம்பளத்தில் இரண்டு வருடம் ஆடியிருக்கலாம். அவர் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுக்குப் போனார், ஸ்ட்ரைக்கராக ஆடுவதற்காக. முதலில் மலாகா. அங்கே சம்பள உச்சவரம்புச் சிக்கலில் அவரைப் பதிவு செய்யவே முடியாமல், ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் ஒப்பந்தம் ரத்தானது. சீசன் தொடங்கிய பிறகு வெஸ்கா கிளப் சேர்த்துக்கொண்டது. பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். பயிற்சியாளர் மிச்செல், பின்னாளில் ஜிரோனாவை ஸ்பெயின் முதல் பிரிவின் மேல்வரிசைக்குக் கொண்டுபோனவர். ஒகசாகியை முன்னால் நிறுத்தினார். 12 கோல், அணியிலேயே அதிகம். 2020 ஜூலையில் முதல் பிரிவுக்கு ஏறுவது உறுதியான நுமான்சியா ஆட்டத்திலும் அவர் கோல் இருந்தது. வெஸ்கா இரண்டாம் பிரிவுச் சாம்பியனாகவே ஏறியது. மைன்ஸ் கதைதான் மறுபடியும், 34 வயதில்.

அதன் பிறகு இறக்கம். முதல் பிரிவில் ஒரே ஒரு கோல், வெஸ்காவும் இறங்கிவிட்டது. ஸ்பெயினிலேயே கார்டஹேனா கிளப்பில் ஒரு சீசன். 2022-லிருந்து பெல்ஜியத்தின் சின்ட்-ட்ரூடன். ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமான கிளப் அது. அங்கே நடுக்களத்தில்கூட ஆடினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2024 தொடக்கத்தில் ஓய்வை அறிவித்து, அந்த சீசனோடு நிறுத்திக்கொண்டார்.

தேசிய அணிக் கணக்கையும் முடித்துவிடுவோம். 2014 உலகக் கோப்பையில் கொலம்பியாவிடம் 1-4 என்று தோற்ற ஆட்டத்தில் தலையால் ஒரு கோல். 2017 மார்ச்சில் சைத்தமாவில் தாய்லாந்துக்கு எதிராக அடித்தது ஐம்பதாவது. 2018 உலகக் கோப்பையில் செனகலுக்கு எதிராக மாற்று வீரராக வந்து, கோல்கீப்பர் முன்னால் விழுந்து புரண்டு குழப்பம் செய்ததில் பந்து பின்னால் வந்த ஹோண்டாவுக்குக் கிடைத்து 2-2 ஆனது. ஆவணத்தில் அந்தக் கோலுக்குப் பக்கத்தில் அவர் பெயர் எங்கும் இருக்காது.

இப்போது எதிர்த்தரப்பு வாதம், அதில் உண்மை இருப்பதால். மூன்று உலகக் கோப்பைகளில் மொத்தம் இரண்டு கோல்தான். அந்த 50-ல் கணிசமானவை ஹாங்காங், தஜிகிஸ்தான் மாதிரி அணிகளுக்கு எதிராக வந்தவை. தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரைக் கடந்து அடிக்கும் திறமை அவரிடம் கிடையாது. பக்கத்தில் ஒரு ஹோண்டாவோ, ஒரு நகமுராவோ இருந்தாகவேண்டும். காமமோட்டோவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகத் தெரியும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 7 கோலோடு முதலிடம் பிடித்து, ஜப்பானுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர் அவர். இரண்டு காலாலும் தூரத்திலிருந்து அடிப்பார், உடல் பலமும் உண்டு. ஜப்பானியச் சங்கக் கணக்கில் 76 ஆட்டங்களில் 75 கோல். ஆனால் அவர் காலத்திலும் 1967-ல் பிலிப்பைன்ஸை 15-0 என்று வென்று, அதில் ஆறு கோலை அவரே அடித்த ஆட்டங்கள் உண்டு. பலவீனமான எதிரணி என்ற வாதத்தை ஒருவருக்கு மட்டும் போடுவது நியாயமில்லை. ஆளுமையில் மியூரா, அடிக்கும் திறனில் காமமோட்டோ, இருவரும் ஒகசாகிக்கு மேலே என்று நானே ஒப்புக்கொள்வேன். ஐரோப்பாவில் வருடக்கணக்கில் தாக்குப்பிடித்து, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் மூன்று முதல் பிரிவுகளிலும் கோல் அடித்ததில் அந்த இருவரும் இவருக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். காமமோட்டோவுக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார் என்று பலரும் கேட்கிறார்கள். மைன்ஸில் ஆடியபோதே, 2014-ல், பள்ளிக்கால நண்பரோடு சேர்ந்து அந்த நகரத்தில் பசாரா மைன்ஸ் என்ற கிளப்பைத் தொடங்கியிருந்தார். ஜெர்மன் கால்பந்தின் பதினொன்றாம் படியில், அதாவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் ஆடும் அடிமட்டத்தில், ஆரம்பித்து வருடா வருடம் ஏறி வந்த கிளப். ஐரோப்பாவில் வாய்ப்புத் தேடி வரும் ஜப்பானிய இளைஞர்களுக்கு அது ஒரு வாசல். விளையாடுவதை நிறுத்தியதும் அங்கேயே பயிற்சியாளராகப் போய்விட்டார்.

காணொளி தேடிப் பார்க்க விரும்பினால் நான் சொல்லும் வரிசை: முதலில் ரெசிஃபேயில் இத்தாலி ஆட்டம், முழுசாக. பிறகு 2013-14 மைன்ஸ் கோல்களின் தொகுப்பு. கடைசியாக லெஸ்டர்–நியூகாசில். அந்தக் கடைசி ஆட்டத்தில் மட்டும் கோலைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். எதிரணி டிஃபெண்டர் காலில் பந்து வரும்போதெல்லாம் இருபதாம் எண் சட்டை எங்கே ஓடுகிறது என்று ஒரு பத்து நிமிடம் கவனியுங்கள்.